கடன் பாக்கி உண்டு. மிரட்டலுக்குப் பாக்கி இல்லை

(வியாபாரிகளுக்கான சட்டப் பாடம்)



காலையில் கடையைத் திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, முதல் போணிக்குக் காத்திருக்கிறோம். வாடிக்கையாளர் வருமுன் தண்டல்காரர் வந்து நிற்கிறார். "நேற்று வியாபாரமே இல்லை, நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்கிறோம். அவர் போவதில்லை. கல்லாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். குரல் உயருகிறது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். சாமான் வாங்க வந்த அம்மாள், "அப்புறம் வர்றேன்" என்று படியிறங்கிப் போய்விடுகிறார்.

அவருக்கு வேண்டியது இதுதான். புரோநோட்டை விட, செக்கை விட, நமது மானமே அவருக்குப் பெரிய ஈடு. வியாபாரிக்கு முதல் போனால் திரும்பச் சேர்க்கலாம். பெயர் போனால் மொத்த வியாபாரி சரக்குத் தரமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். இந்த ஒரு பயத்துக்காகவே எத்தனையோ பேர் ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் வாங்கி, கடைசியில் ஒருநாள் இரவோடு இரவாக ஷட்டரை இழுத்துவிட்டு ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள். நமது கடைத்தெருக்களில் இதை நாம் பார்க்காமல் இல்லை.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல இந்தப் பாடம் வரவில்லை. கடனை நாணயமாகத் தீர்ப்பது வணிகனின் தர்மம். ஆனால் பணத்தைக் கேட்கும் உரிமை வேறு, ஆளை மிரட்டும் உரிமை வேறு. முதலாவது கடன் கொடுத்தவருக்கு உண்டு. இரண்டாவது யாருக்கும் இல்லை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்தால் பாதிப் பயம் தீரும். மீதிப் பாதிக்கு வேண்டியது ரசீதும் கணக்கும்.

நம்மூரில் கடன் ஏன் தவிர்க்க முடியாதது?

கும்பகோணத்து வியாபாரம் வயலோடு கட்டுண்டது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. இல்லாவிட்டால் சம்பாவை நம்பியே ஆண்டு ஓட வேண்டும். சம்பா நெல் களத்துக்கு வருவது தை, மாசியில். அதுவரை சுற்றுக் கிராமத்து வாடிக்கையாளருக்கு மளிகையும் ஜவுளியும் உரமும் நோட்டில்தான் ஏறும். ஆனால் மொத்த வியாபாரி நமக்குத் தரும் கெடுவோ 15 நாள் அல்லது 30 நாள். வாங்கும் கெடு குறுகியது, கொடுக்கும் கெடு நீண்டது. இடையில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் கைமாற்றும் தண்டலும் வருகின்றன. தீபாவளிச் சரக்கு, கல்யாண சீசன் பாத்திரம், திருபுவனம் பட்டு என்று முதல் அதிகம் தேவைப்படும் மாதங்களில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

1904-ம் ஆண்டிலேயே கும்பகோணம் வங்கி தொடங்கப்பட்ட ஊர் இது. 1987 முதல் சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் இயங்குவது அதுவே. அப்படி வங்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊரிலும், காலை எட்டு மணிக்குக் கையில் பணம் வேண்டும் என்றால் சிறு வியாபாரி தேடிப் போவது தண்டல்காரரைத்தான். காகிதம் கேட்காமல் தருகிறார் என்பதுதான் காரணம். காகிதம் கேட்காதவர் காகிதம் கொடுக்கவும் மாட்டார் என்பதைப் பிறகுதான் உணருகிறோம்.

முதலில் கணக்குப் போடுங்கள்

பத்தாயிரம் ரூபாய்த் தண்டல். கையில் கிடைப்பது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாய் நம்மிடம் நூறு நாளும் இருப்பதில்லை. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாக நம் கையில் நிற்கும் தொகை அதில் பாதி, அதாவது சுமார் 4,250. நூறு நாளைக்கு 4,250 ரூபாய்க்கு 1,500 வட்டி என்றால் 35 சதவீதம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 120 சதவீதத்துக்கும் மேலே போகும்.

இன்னொரு கணக்கு. ஒரு பாத்திரக் கடைக்காரர் தீபாவளிச் சரக்குக்கு ஒரு லட்சம் வாங்குகிறார், நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய். பத்து மாதம் தவறாமல் கட்டினால் ஒரு லட்சம் போய்விட்டது. அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கிறது. எந்தச் சரக்கில் நமக்கு மாதம் பத்து சதவீதம் நிகர லாபம் நிற்கிறது? நிற்காது. ஆகவே அந்த வட்டி லாபத்திலிருந்து போகவில்லை, முதலிலிருந்து போகிறது. வாங்குமுன் இந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்ப்பவர் பலர் வாங்கவே மாட்டார்.

கடன் தவறுவது குற்றமா?

குற்றம் அல்ல. வாங்கிய கடனைக் கெடுவில் கட்ட முடியாமல் போவது உரிமையியல் விவகாரம், அதாவது சிவில் விஷயம். கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம், டிகிரி வாங்கி நிறைவேற்று மனு போடலாம். வசதியிருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவரை விட்டுவிடுங்கள்; நிஜமாகவே கையில் இல்லாதவரை, பணம் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980-ல் கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

ஆகவே, "ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவேன்" என்று யாராவது சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. கைமாற்றுக் கடனை வசூலித்துத் தருவது போலீசாரின் வேலை அல்ல. ஸ்டேஷனுக்கு வெளியே பேசி முடிக்கும் கட்டப் பஞ்சாயத்துக்கும் சட்டத்தில் இடமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு செக். அதைப் பின்னால் தனியே பார்ப்போம்.

கந்துவட்டிச் சட்டம் சொல்வது என்ன?

கடும் வட்டிக்கு எதிரான சட்டம் நமக்குப் புதிதல்ல. இராஜாஜி முதல்வராக இருந்தபோது 1938-ல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலும் வட்டியுமாக அசலைப் போல் இருமடங்கு கட்டிவிட்ட விவசாயியின் பழைய கடன் தீர்ந்துவிட்டதாகவே கருத வழி செய்தது. தஞ்சை மண்ணில் பல குடும்பங்களின் நிலம் தப்பியதற்கு அது ஒரு காரணம். 1957-ல் வந்த வட்டிக்கடைக்காரர் சட்டம், வட்டித் தொழில் செய்பவர் தாசில்தாரிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றது.

இன்று நமக்கு நேரடியாக உதவுவது 2003-ம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம். இதைத்தான் கந்துவட்டிச் சட்டம் என்கிறோம். இதில் கவனிக்க வேண்டியவை:

1. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சட்டம் தடை செய்கிறது. 1957-ம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வாங்கும் வட்டியும் இதில் அடங்கும்.

2. கடும் வட்டி வாங்கினாலும், கடன் வசூலுக்காகக் கடனாளியைத் துன்புறுத்தினாலும் 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

3. துன்புறுத்தல் என்றால் அடித்தல் மட்டும் அல்ல. வழி மறித்தல், போகுமிடமெல்லாம் பின்தொடர்தல், பொருளை எடுத்துக்கொண்டு போதல் அல்லது பயன்படுத்த விடாமல் செய்தல், வீட்டு வாசலிலோ கடை வாசலிலோ சுற்றிச் சுற்றி நின்று பயமுறுத்துதல், குடும்பத்தாரை மிரட்டுதல் எல்லாம் இதில் வரும். கல்லா எதிரே ஸ்டூல் போட்டு மிரட்டுகிறவரும் இதில் வருவார்.

4. கடனாளி தாம் தர வேண்டிய அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனுக் கொடுக்கலாம். பணத்தை வாங்க மறுத்து வட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவருக்கு இதுவே சரியான மருந்து.

5. கடனாளியோ அவர் குடும்பத்தாரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்று முன் அவர்கள் துன்புறுத்தப்பட்டது தெரியவந்தால், கடன் கொடுத்தவரே அதற்குத் தூண்டியவர் என்று சட்டம் கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

இந்தச் சட்டத்தோடு, கடன் கொடுக்கும் அமைப்புகளின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியே ஒரு சட்டம் நிறைவேற்றியது. வலுக்கட்டாய வசூலுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு.

ஓர் எச்சரிக்கை. எல்லாவிதக் கடனும் கந்துவட்டிச் சட்டத்துக்குள் வந்துவிடாது. பணம் எந்த வழியில் கொடுக்கப்பட்டது, எதன் பேரில் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து கோர்ட்டில் வாதம் எழும். ஆகவே காகிதங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் மிரட்டல் எந்தக் கடனுக்காக நடந்தாலும் குற்றமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பணம் பறித்தலுக்கு 308, அத்துமீறி நுழைதலுக்கு 329, குற்றமுறு மிரட்டலுக்கு 351 ஆகிய பிரிவுகள் உள்ளன.

வங்கி ஆள் என்றால் விதி வேறா?

லைசென்ஸ் உள்ள வங்கியும் நிதி நிறுவனமும் அனுப்பும் வசூல் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு கட்டியிருக்கிறது. லாரிக் கடன் தொடர்பான ஒரு வழக்கில், அடியாட்களை வைத்து வசூலிக்காமல் சட்டப்படியான வழியில்தான் வங்கிகள் போக வேண்டும் என்று 2007 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விரிவான நெறிமுறை வெளியிட்டது. 2022 ஆகஸ்ட் 12-ல் வந்த சுற்றறிக்கை அதை மேலும் இறுக்கியது. அதன்படி:

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டுத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. சுய உதவிக் குழு போன்ற நுண்கடனுக்கு இது இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரைதான். வாயாலோ கையாலோ மிரட்டக் கூடாது. பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர், ஜாமீன் சொன்னவர் வாழ்க்கையில் தலையிடக் கூடாது. செல்போனில் ஆபாசமாகவோ மிரட்டலாகவோ செய்தி அனுப்பக் கூடாது. பெயர் சொல்லாமல் அழைக்கக் கூடாது. ஏஜென்சி ஆள் செய்த தவறுக்கு, "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று வங்கி கைகழுவ முடியாது.

வீடு, கடைக் கட்டடம் அடமானமாக இருந்தால் 2002-ம் ஆண்டு சர்ஃபாசிச் சட்டப்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே ஜப்தி செய்யலாம். அங்கேயும் படிகள் உண்டு. முதலில் 60 நாள் நோட்டீஸ். நாம் ஆட்சேபணை எழுதினால் 15 நாளில் வங்கி பதில் தர வேண்டும். ஜப்தி நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது. நோட்டீஸ் வந்ததும் கல்லாப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதுதான் பெரிய தவறு. அந்த 60 நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

சரக்கு ஆட்டோ, வேன் கடனிலும் அப்படியே. முன்னறிவிப்பு, பறிமுதல் செய்யும் முறை, விற்குமுன் கடைசி வாய்ப்பு ஆகியவை நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியத்தை நம் மாவட்டமே காட்டியது. 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பகுதியில், டிராக்டர் கடனில் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசாரும் வசூலுக்கு வந்தவர்களும் அடித்து இழுத்த காட்சி செல்போனில் படமாகி நாடெங்கும் பரவியது. வாங்கிய கடனில் பெரும்பகுதியை அவர் கட்டியிருந்தார் என்று செய்திகள் வந்தன. விஷயம் மனித உரிமை ஆணையம் வரை போயிற்று. படம் எடுக்க ஒருவர் அங்கே இருந்ததால்தான் இது வெளியே தெரிந்தது. படம் இல்லாமல் நடந்தவை எத்தனையோ!

கடை வாசலில் வந்து நின்றால்

கோபப்பட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். இரண்டும் அவருக்கே லாபம். நமது குரல் வாடிக்கையாளரிடம் பேசும் குரலாகவே இருக்கட்டும். இப்படிச் சொல்லலாம்:

"தம்பி, பணம் தர வேண்டியது நிஜம். இல்லேன்னு சொல்லல. இதுவரைக்கும் கட்டினது இந்த நோட்டுல இருக்கு. உங்க முதலாளியை வரச் சொல்லுங்க, உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். கடை வாசல்ல சத்தம் வேண்டாம். இன்னிக்குக் கொடுக்கிற பணத்துக்கு ரசீது கொடுத்தா இப்பவே வாங்கிக்கலாம்."

இந்த நாலு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. கடனை மறுக்கவில்லை. கணக்குக் கேட்டோம். இடத்தைக் கட்டுப்படுத்தினோம். ரசீதை நிபந்தனையாக்கினோம். வங்கி ஆளாக இருந்தால் அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கு மேலும் குரல் உயர்ந்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து சும்மா நின்றாலே போதும். கடைத்தெருவில் ஒருவரைத் தனியே பிடித்துத்தான் மிரட்ட முடியும். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஸ்டூல் தானாக உள்ளே போகும். சங்கம் என்று நாம் வைத்திருப்பது பொங்கல் விழாவுக்கும் காலண்டருக்கும் மட்டும் அல்லவே! சரக்கையோ தராசையோ வண்டியையோ தூக்க முயன்றால் உடனே 112 அல்லது 100-க்கு அழையுங்கள்.

ரசீதே கவசம்

சாட்சியம் சண்டை வந்த பிறகு சேர்ப்பது அல்ல. முதல் நாளிலிருந்தே சேர வேண்டும்.

1. தனி நோட்டு ஒன்று போடுங்கள். வாங்கிய தேதி, கையில் கிடைத்த தொகை, பிடித்துக்கொண்ட தொகை, கட்டிய ஒவ்வொரு தவணை. பற்று வரவு எழுதும் நமக்கு இது புதிதல்ல. அடுத்தவர் நமக்குத் தர வேண்டியதை எழுதுகிறோம், நாம் கட்டியதை மட்டும் எழுதுவதில்லை.

2. தண்டல் அட்டையை வாரம் ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அட்டை "தொலைந்து போவது" வழக்கம்.

3. கூடியவரை வங்கி வழியாகவோ, செல்போன் பணப் பரிமாற்றத்திலோ கட்டுங்கள். வங்கிக் கணக்கு பொய் சொல்லாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதும் திருப்புவதும் வருமான வரிச் சட்டப்படியே சிக்கலானது.

4. மிரட்டல் அழைப்பு, குரல் செய்தி, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அது பதிவான அதே போனைப் பத்திரமாக வையுங்கள். கோர்ட்டில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தேவை. வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

5. கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே பிரதி எடுங்கள். சில நாட்களில் பழைய படம் தானே அழிந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்

இப்போது செக் விஷயம். கடன் வாங்கும்போது தொகை எழுதாத செக்கிலும் வெற்றுப் புரோநோட்டிலும் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரத்தில் போட்டுவிடுகிறோம். அதில் பின்னால் எந்தத் தொகை ஏறும் என்பது நம் கையில் இல்லை.

கையெழுத்து நம்முடையது என்று ஒப்புக்கொண்டால், தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டது என்றுதான் சட்டம் முதலில் ஊகிக்கும் என 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில். நாம் எழுதி வைத்த நோட்டும் வங்கிக் கணக்கும் இல்லாவிட்டால் அந்தச் சுமையை இறக்க வழியில்லை.

செக் திரும்பினால் கடன் கொடுத்தவர் 30 நாளில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குத் தொடரலாம். 138-ம் பிரிவு வழக்கு என்பது இதுதான். இதில் சிறைத் தண்டனையும் உண்டு. ஆகவே அந்த 15 நாளில் பதில் எழுதாமல் இருக்கவே கூடாது. செக் எப்போது, எதற்காகக் கொடுத்தோம், எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று வழக்கறிஞர் மூலம் ஸ்பீடு போஸ்டில் பதில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

புரோநோட்டுக்குக் காலக்கெடு பொதுவாக 3 ஆண்டு. அதற்குள் "வட்டி வரவு" என்று பின்புறம் நாம் எழுதிக் கையெழுத்திட்டால் மீண்டும் 3 ஆண்டு ஓடத் தொடங்கும். என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே கையெழுத்திடுங்கள். கணக்குத் தீரும் நாளில் செக்கையும் நோட்டையும் திரும்ப வாங்கி, "பைசல்" என்று எழுதிக் கையெழுத்துப் பெறுங்கள். "வீட்டில் இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்றால் கடைசித் தவணையையும் பிறகே தாருங்கள்.

எங்கே, யாரிடம் போவது?

தனியார் வட்டிக்காரர் மிரட்டினால்: காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி, கட்டிய தொகை எல்லாம் எழுதுங்கள். மனு ஏற்பு ரசீது வாங்காமல் வரவேண்டாம். அங்கே வாங்க மறுத்தால் தஞ்சாவூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையேல் குற்றவியல் நீதிமன்றத்தில் மனு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். 2022 ஜூனில் தமிழகக் காவல்துறை "ஆபரேஷன் கந்துவட்டி" என்ற பெயரில் நிலுவைப் புகார்களை எடுத்து விசாரித்ததும் நினைவிருக்கலாம்.

வங்கி, நிதி நிறுவனம் என்றால்: முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் தாமதியாமல் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. விவரம் கேட்க 14448. சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்தும் சிறு வியாபாரி, வங்கிச் சேவைக் குறைபாட்டுக்காக தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

செல்போன் கடன் ஆப் ஆட்கள் படத்தை மாற்றி உறவினருக்கு அனுப்புவதாக மிரட்டினால்: 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார். ஒரு ரூபாய் கொடுத்தாலும் மிரட்டல் நிற்காது, பெருகும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால்: கும்பகோணம் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழு. தொலைபேசி 15100.

ஒரு மனுக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். வாங்கியதை விட அதிகமாகக் கட்டிய பிறகும் கந்துவட்டிக் கொடுமை தீரவில்லை, கொடுத்த மனுக்களுக்குப் பலன் இல்லை என்பதே அவர்கள் குறை என்று செய்திகள் கூறின. நான்கு உயிரும் போயின. மனு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாரந்தோறும் கேட்கச் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போயிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர் யாராவது இப்படிப்பட்ட நெருக்கடியில் இருப்பது தெரிந்தால், வெட்கப்பட்டு அவர் வரமாட்டார். நாம்தான் அவர் கடைக்குப் போக வேண்டும். மனம் உடைந்தவர் பேசுவதற்கு 14416 என்ற அரசு மனநலத் தொலைபேசி இரவும் பகலும் உண்டு. ஒரு கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

நாமும் வசூலிப்பவர்கள்தான்

இந்தப் பாடத்தின் கடைசிப் பகுதி நம்மைப் பார்த்து. வாடிக்கையாளரின் பாக்கி நோட்டு நம்மிடமும் இருக்கிறது. மொத்த வியாபாரிகள் சில்லறைக் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். நமக்கு வேண்டாம் என்று நினைக்கும் வசூலை அடுத்தவர் மேல் ஏவலாமா?

பாக்கிக்காரர் பெயரைக் கடை வாசலில் எழுதி மாட்டாதீர்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் ஆள் அனுப்பாதீர்கள். பையன்களைச் சத்தம் போடச் சொல்லி அனுப்பினால் சட்டத்தின் முன் அனுப்பிய நாமே பொறுப்பு. மாறாக, பில்லில் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கித் தொகையை எழுதி ஒப்புக் கையெழுத்துப் பெறுங்கள். விற்ற சரக்கின் பாக்கிக்கும் காலக்கெடு 3 ஆண்டுதான் என்பதை மறக்காதீர்கள். அறுவடைக்கு ஏற்பத் தவணை பிரித்துக் கொடுங்கள். எழுதி வைத்த கணக்கு சத்தம் போடாமலே வசூலாகும்.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

1. உங்கள் பேரில் இன்று எத்தனை கடன்? ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வட்டி எத்தனை சதவீதம்?

2. இதுவரை கட்டியதற்கு ஒரு காகிதமாவது உங்கள் கையில் இருக்கிறதா?

3. தொகை எழுதாமல் கையெழுத்திட்ட செக் யாரிடமாவது நிற்கிறதா? அதன் எண் தெரியுமா?

4. பக்கத்துக் கடையில் நாளை ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்தால், நீங்கள் எட்டிப் பார்ப்பவரா, எழுந்து போய் நிற்பவரா?

முதல் மூன்றுக்கும் விடை இன்றிரவு கடை கட்டுமுன் நோட்டில் ஏறட்டும். நாலாவதற்கு விடை கடைத்தெருவில் தெரியட்டும்.